பால் வாசம் எட்டாத தூரம்

அவள் புடவை பச்சையா நீலமா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. முகத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த வார்டில் எல்லோருக்கும் முகக்கவசம்.

கை மட்டும் நினைவிருக்கிறது.

வெயில் கட்டில்கள் வரை வந்திருந்தது. அவளுடைய மகன் அழுதுகொண்டிருந்தான். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. மூச்சுக்கே பற்றாத நெஞ்சு, அழுகைக்கு எங்கே போகும்.

கைக்குழந்தைகளுக்கான கொரோனா வார்டு அது. அவனுக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் வீங்கிச் சளியால் அடைத்திருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. இப்படி மூச்சு வாங்கும்போது பால் கொடுத்தால் புரையேறும் என்று டாக்டர் நிறுத்தியிருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து அவன் தலையைத் தடவினாள்.

அவன் திரும்பினான். கண் திறக்கவில்லை. மூக்கில் குழாயோடு அவள் மார்பைத் தேடினான்.

கிடைக்கவில்லை.

மறுபடி அழுதான். திரையில் ஆக்சிஜன் எண் இறங்கியது. கருவி கத்தியது. ஜெபக்கனி சிஸ்டர் ஓடிவந்து குழாயைச் சரிசெய்தார்.

அவள் தன் ரவிக்கையைப் பார்த்தாள். நனைந்திருந்தது.

யாரும் போகச் சொல்லவில்லை. அவளே பின்னால் நகர்ந்தாள். ஒரு கட்டில். இன்னொரு கட்டில். கடைசி ஜன்னலில் முதுகு முட்டியதும் நின்றாள்.

அங்கிருந்து என்னைப் பார்த்தாள்.

அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தேறி வந்தாள். என் மனைவி காய்ச்சலோடு பெரியவர்கள் வார்டில். அதனால் பிள்ளைக்குத் துணை நான். அங்கே தாயாக இல்லாத ஒரே ஆள்.

"அண்ணாச்சி, என் மேல பால் வாசம். கிட்ட வந்தா தேடுதான். ஒங்க மேல அது இல்லைல்லா. கொஞ்சம் தட்டிக் குடுங்க."

தட்டினேன். தட்டிப் பழகாத கை.

"பிள்ளையத் தட்டுதியளா, வறட்டி தட்டுதியளா?" என்றார் சிஸ்டர்.

ஜன்னலோரம் அவள் தோள்கள் குலுங்கின. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு தன் தொடையில் தட்டிக் காட்டினாள். மெதுவாக இரண்டு. ஓர் இடைவெளி. பிறகு ஒன்று.

நான் அதைப் பார்த்துத் தட்டினேன்.

அவள் தட்ட, நான் தட்ட. நடுவே அத்தனை கட்டில்கள்.

அவன் வாய் மூடியது. எண் ஏறத் தொடங்கியது. அங்கிருந்து அவளுக்குத் திரை தெரியாது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்காதவரை அவனுக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டாள் போல.

அவளுடைய இன்னொரு கை ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. பால் கட்டி வலித்திருக்க வேண்டும்.

தட்டும் கையில் அது தெரியவில்லை.

தைரியத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் வந்த எல்லோரும் முன்னால்தான் நடந்தார்கள்.

அவன் தேறினான். பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னபோதும் அவள் ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள். தூங்கும் மற்ற பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதே.

அவர்கள் ஊருக்குப் போனார்கள். ஜெபக்கனி சிஸ்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. என் மனைவி குணமாகி வீடு திரும்பினாள். மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். இன்னமும் நான் இரண்டு, இடைவெளி, ஒன்று என்று தட்டிக்கொடுத்தால்தான் தூக்கம்.

அம்மாவுக்குத் தட்டத் தெரியவில்லை என்கிறாள்.