ஒண்ணும் தெரியாத ஆயா

"ஒண்ணும் தெரியாதாமே உனக்கு?"

கிளார்க் ராசாங்கம் ஒரு கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரியலூர் பால்வாடி ஆபீசில் அவர் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. எந்தக் கடிதத்தை யாரிடம் காட்டக்கூடாது என்பதைத் தவிர, மற்றதெல்லாம் கற்றுக்கொண்டிருந்தார்.

குஞ்சம்மாள் பால்வாடி ஆயா. பன்னிரண்டு வருட சர்வீஸ். பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த, எட்டாவது படித்த ஆயாக்களைப் பெரம்பலூருக்கு இருபது நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். முடித்து வந்தால் தனி வகுப்பு. ஆயா என்று கூப்பிட்ட ஊர், டீச்சர் என்று கூப்பிடும்.

அவளும் இரண்டு வருடமாக மனுப் போடுகிறாள். இரண்டு தடவையும் பெயர் வரவில்லை. இந்தத் தடவையாவது வருமா என்று கேட்கத்தான் கல்லங்குறிச்சி பஸ்ஸில் வந்து அரியலூரில் இறங்கியிருந்தாள்.

"யாரு சார் அப்படி எழுதுனது?"

"உங்க டீச்சர் ஜெயலட்சுமிதான், உன் மனுவோட சேர்த்து அனுப்பியிருக்காங்க. கேட்டுக்க. 'குஞ்சம்மாளுக்குப் பாட்டுத் தெரியாது. கதை சொல்லத் தெரியாது. பிள்ளைகளை உட்கார வைக்கவும் தெரியாது.' கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கு."

குஞ்சம்மாள் எட்டி அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். டீச்சருடையதேதான்.

ஜெயலட்சுமியின் புருஷனுக்கு ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை. அவருக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று வாரத்தில் இரண்டு நாள் பதினொரு மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். அந்த நாளெல்லாம் முப்பது பிள்ளைகளையும் வைத்துப் பாடியது யாராம்? ஆயா டீச்சராகிப் போய்விட்டால் டீச்சரம்மா எப்படி பஸ் பிடிப்பது! காரணம் குஞ்சம்மாளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

மறுநாள் பெருக்கினாள். தண்ணீர் எடுத்து வைத்தாள். சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"குஞ்சம்மா, பிள்ளைங்களுக்கு அந்தக் காக்காப் பாட்டைக் கொஞ்சம்..."

"எனக்குத்தான் பாட்டே தெரியாதே டீச்சர்."

ஜெயலட்சுமி முகம் மாறியது. "அது வந்து..." என்று ஆரம்பித்தவள், எதையோ நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

தானே பாடினாள். இரண்டாவது அடி மறந்து போனது. அதற்குள் பாதிப் பிள்ளைகள் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

நாலு நாள் இதே கூத்துதான். குஞ்சம்மாளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. நல்லா அனுபவிக்கட்டும்!

ஐந்தாம் நாள் வாசலில் ஜீப் வந்து நின்றது. அரியலூர் ஆபீஸ் அதிகாரி ஜானகியம்மாள் இறங்கினார், கையில் அதே கடிதம்.

"இவங்கதான் குஞ்சம்மாளா?"

"ஆமாங்க மேடம்" என்றாள் ஜெயலட்சுமி, குஞ்சம்மாள் பக்கம் பார்க்காமலே.

"எங்கே, பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்க பார்ப்போம்."

ஒரே ஒரு கதை போதும், கடிதத்தில் எழுதியது அத்தனையும் பொய்யென்று ஆகிவிடும். குஞ்சம்மாளுக்குக் கதை நாக்கு நுனி வரை வந்தது.

அதற்குள் ஒரு வாண்டு, அம்மாக்கண்ணு, ஓடி வந்து அவள் சேலையைப் பிடித்தது.

"ஆயா, நரிக் கதை சொல்லு ஆயா!"

"ஏய், சும்மா உக்காரு!" ஜெயலட்சுமி பாய்ந்து வந்து பிள்ளையை இழுத்துப் போனாள்.

என் திறமை வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று இவளுக்கு இவ்வளவு பதைப்பா? குஞ்சம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒரு கதையும் தெரியாதுங்க. அதான் எங்க டீச்சரே எழுதிக் குடுத்திருக்காங்களே. படிச்சவங்க எழுதுனா சரியாத்தானே இருக்கும்?"

"ஒரு பாட்டாவது?"

"தெரியாதுங்க."

"பன்னிரண்டு வருஷமா என்னதான் செஞ்சீங்க?"

"பெருக்குனேனுங்க."

அதிகாரி தலையை ஆட்டியபடி நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். ஜீப் போனதும் ஜெயலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"இப்ப திருப்திதானே டீச்சர்?"

கேட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போன குஞ்சம்மாள், பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுது தீர்த்தாள். டீச்சர் கெடுத்தது பாதி. மீதியைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று நெஞ்சு ஆறவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. பயிற்சிக்குத் தேர்வானவர்கள் பட்டியல். முதல் பெயரே குஞ்சம்மாள்!

இரண்டு தரம் படித்தாள். நேராக ஜெயலட்சுமி முன்னால் போய் நின்றாள்.

"பாத்தீங்களா டீச்சர்? நீங்க அப்படி எழுதியும் எம் பேருதான் மொதல்ல வந்திருக்கு. கல்லங்குறிச்சி பெருமாள் கண்ண மூடிக்கிட்டு இல்ல. அடுத்தவ பொழப்புல மண்ணப் போட நெனச்சா இப்படித்தான்."

ஜெயலட்சுமி காகிதத்தை வாங்கி அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருப்பேன் குஞ்சம்மா. சொல்லியிருந்தா, அந்தம்மா கேட்டப்ப உங்களால ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்க முடியுமா?"

"என்ன டீச்சர் சொல்றீங்க?"

"போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் உள்ளதை உள்ளபடிதான் எழுதினேன். 'எல்லாம் தெரிஞ்சவங்க, எனக்கே சொல்லிக் குடுத்தவங்க'ன்னு. ரெண்டு தடவையும் ஆபீசுல இருந்து ஒரே பதில்தான் வந்துச்சு: 'எல்லாம் தெரிந்தவருக்குப் பயிற்சி தேவையில்லை. ஆயாவாகவே தொடரலாம்.'"