உப்பில் கிடந்தவன் காற்சட்டை

உப்புச் சுரங்கத்தில் கிடைத்த உடலுக்கு ஈராயிரம் ஆண்டு வயது என்று ஆய்வாளர் தஹ்மாஸ்ப் சொன்னதை மஹ்பானு நம்பவில்லை. அவள் கணவன் ராமின் அதே சுரங்கத்தில் இறங்கித் திரும்பாதவன். ஓடிப்போயிருப்பான் என்று கங்காணிகள் கைகழுவினர். உடலை மண்ணிலிட்டு ஒரு துதி ஓதினாலன்றி அவள் கைம்பெண்ணும் அல்லள், மனைவியும் அல்லள்.

“பாரசீகப் பேரரசர் காலத்து ஆடை, அம்மா. தொடாமல் பாருங்கள்.”

“பேரரசர் காலத்திலும் முழங்காலில் ஒட்டுப் போட்டார்களா, ஐயா?”

“உழைப்பவன் காற்சட்டை எக்காலத்திலும் அங்கேதானே கிழியும்!”

அவள் குனிந்தாள். முகத்தை அரித்துத் தின்ற உப்பு, கம்பளிக் காற்சட்டையை மட்டும் நேற்று உடுத்தியதுபோல் காத்து வைத்திருந்தது. ஒட்டின் முடிச்சு உள்ளே ஒளியாமல் வெளியே நின்றது. இருளில் விரலுக்குத் தட்டுப்பட்டால் வீட்டின் நினைவு வரவேண்டும் என்று அவளூர்ப் பெண்கள் மட்டுமே அவ்வாறு முடிச்சிடுவார்கள். இவன் ராமினேதான் என்று அவள் நெஞ்சு விம்மியது.

பிறகு விளக்கை அருகே இழுத்தாள். தைத்திருந்த நூல் நீலம். அவள் வீட்டில் என்றும் கறுப்பு நூலே அன்றி வேறு நூல் இருந்ததில்லை.

“இப்போதாவது நம்புகிறீர்களா? இவர் உங்கள் கணவர் அல்லர்” என்றார் ஆய்வாளர், கனிவாக.

மஹ்பானு அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஊரில் நீல நூல் வைத்திருக்கும் பெண்களை ஒவ்வொருத்தியாக மனத்தில் நிறுத்தி, அவர்கள் விரல்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.