தாடையில் ஒட்டிய பிளாஸ்திரி

2058 மார்ச் 14. சாட்சியின் நினைவைப் படமாக எடுத்துத் திரையிடும் வழக்கம் வந்தபின், ஜூரிகள் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டனர். அன்று மாசானத்தைக் கொலைகாரன் என்று எட்டு ஜூரிகள் கை தூக்கினர். ஒன்பதாமவரான பூவலிங்கம் மட்டும் தூக்கவில்லை.

"சாட்சி சொன்ன பூக்காரம்மா நினைவுல அவன் மொகம் கண்ணாடி மாதிரி தெரியுதுல்லா, அண்ணாச்சி? இன்னும் என்ன வேணும், கொலைகாரன் கையெழுத்தா?" என்று சிரித்தாள் தலைமை ஜூரி ரெஜினா.

"அவன் தாடையில பிளாஸ்திரி இருக்கே, பாத்தியளா?"

"பாத்தோம். கோர்ட்டுலயும் அதே எடத்துல தழும்பு இருக்கு. பொருந்துதுல்லா!"

"அந்தக் காயம் கைதான பொறவு லாக்கப்புல பட்டது தாயி. அதுக்கு மறுநாள்தான் போலீஸ் அவனை அந்தம்மாவுக்குக் காட்டுச்சு. அந்த மொகந்தான் படத்துல இருக்கு."



"அப்போ, அந்தம்மா பொய் சொல்லுதாளா?" என்று கேட்டாள் ரெஜினா.

"இல்ல. மனசார நம்புதா."

"நம்புதால்லா? அது போதும்."

எட்டுக் கைகளில் ஒன்றுகூட இறங்கவில்லை. தீர்ப்புத்தாளில் ரெஜினா கையெழுத்திட்டாள். சுவருக்கு அப்பால் மாசானத்தின் தாய் யாரிடமோ மணி என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த குரல் பூவலிங்கத்தின் காதில் விழுந்தது.

நாளை உங்களையும் ஜூரியாக அழைப்பார்கள். படம் ஓடுவதற்குமுன் எழுந்து நின்று, அந்த முகத்தைச் சாட்சி முதன்முதலில் எங்கே பார்த்தார் என்று கேளுங்கள்.