அக்கா வந்தால் கிளம்பும் வண்டி

"திருட்டுப் போகாம வண்டியைப் பூட்டி வைக்கிற இம்மொபிலைசரைப் பார்த்தாச்சு, இன்ஜின் கம்ப்யூட்டரையும் மாத்தியாச்சு. அசைய மாட்டேங்குதே சார்!" மெக்கானிக் கையை விரித்தார்.

"என் சம்சாரம் வரட்டும், பாருங்க" என்றார், காலைத் தாங்கித் தாங்கி நடந்த வண்டிக்காரர்.

மனைவி கைப்பையோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். கணவர் பட்டனைத் தொட்டதும் வண்டி உறுமியது. மெக்கானிக்கின் கைகள் தாமாகக் குவிந்தன.

"எல்லாம் இவ ராசி!" ரிமோட் சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் கணவர் டீ வாங்கப் போனார்.

மெக்கானிக் அதைத் திறந்தார். பக்கத்தில் இருந்தால்தான் வண்டியைக் கிளம்ப விடும் அந்தச் சாவிக்குள் பேட்டரியே இல்லை!

"பேட்டரியை எடுத்தது நான்தான். வேலை செய்யற இன்னொரு சாவி என் பையில இருக்கு தம்பி" என்றாள் அவள் மெதுவாக. "தனியாப் போனா பறக்கிறார். ரெண்டு தடவை காலை உடைச்சுக்கிட்டார். நான் பின்னாடி இருந்தாத்தான் நிதானம்."

மெக்கானிக் சாவியை அப்படியே மூடினார். கணவர் திரும்பியதும் பயபக்தியோடு நீட்டினார்.

"கம்ப்யூட்டர்ல கோளாறே இல்லை சார். அக்கா இல்லாம இது நகராது!"