கதவைத் தட்டினால் திறக்காதீர்கள்

முன்பின் தெரியாத யாருக்கும் ஓட்டல் அறைக் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரப்பர் ஆப்பைக் கொடுத்தார்.

உள்பக்கமாக, கதவுக்கு அடியில் செருகிவிட வேண்டுமாம். வெளியே எப்பேர்ப்பட்ட பலசாலி நின்று தள்ளினாலும் கதவு அசையாதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாத்திரைகளை அட்டையில் அடைத்து ஒட்டும் இயந்திரங்களைச் செய்து விற்பது எங்கள் கம்பெனி. வாங்கியவர்களின் ஊருக்கே போய், இயந்திரத்தை நிறுத்தி, ஓட்டிக் காட்டிவிட்டு வருவது எங்கள் பிரிவு. அத்தனை பெரிய இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு, தண்ணீர் குடிப்பது எப்படி என்று காலை முழுக்கப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

மூடி திறக்காத பாட்டில் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். பல் தேய்க்கவும் அதுதான். ஐஸ் கூடாது. தோலுரிக்க முடியாத பழம் கூடாது. டம்ளரை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால், திரும்பி வந்து அதைக் குடிக்கக் கூடாது. இருட்டிய பிறகு தனியாக நடக்கக் கூடாது. டாக்ஸி ஓட்டுநர் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கவே கூடாது. கல்யாணம் ஆகாதவர்கள் ஒரு மோதிரத்தை மாட்டிக்கொண்டு, கணவர் பின்னாலேயே வருகிறார் என்று சொல்லிவிட வேண்டும்.

வராத கணவருக்கு இருக்கும் மரியாதை வந்து நிற்கிற எனக்கு இல்லை. அது போகட்டும். இந்தக் கூடாதுகளைக் கேட்க ஒருத்தி விமானம் ஏற வேண்டியதே இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் என் அம்மா ஓசியிலேயே சொல்வாள்.

அதே விமானத்தில் என்னோடு வரப்போகும் ஆண்கள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வகுப்பு கிடையாது. அவர்கள் வயிறு இரும்பால் ஆனது போலிருக்கிறது.

கம்பெனிப் பெண்கள் எல்லாருக்கும் இந்த வகுப்பை ஏற்பாடு செய்தவர் பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை, எங்கள் பிரிவு மேலாளர். நான் உங்க அப்பா மாதிரி என்று வாய்க்கு வாய் சொல்வதால், முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் அது. ஒவ்வொரு பயணத்துக்கும் அவர்தான் தலைவர். யார் போகலாம், யார் போக வேண்டாம் என்பதிலும் அவர் வைத்ததுதான் சட்டம். படம் காட்டும் திரைக்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அறிவுரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் குழுவில் போகிற ஒரே பெண் நான். என் முதல் பயணம். போய் வந்தால் தனி இயந்திரத்தை என் பொறுப்பில் விடுவார்கள். போகாவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

மருந்துப் பை பற்றிய பாடம் வந்தது. காய்ச்சலுக்கு, வாந்திக்கு, பூச்சிக்கடிக்கு. நாப்கினை இங்கிருந்தே கொண்டுபோய்விட வேண்டும். வயிற்றுப்போக்கு மாத்திரையை மட்டும் மறக்கவே கூடாது என்று பெரியப்பாவே குறுக்கே புகுந்து சொன்னார். போன தடவை நம்ம அக்கா வயிற்றுக் கோளாறில் பாதியிலேயே திரும்ப வேண்டியதாகிவிட்டதே என்று, கரிசனம் சொட்டச் சொட்டக் கடைசி வரிசையைக் கைகாட்டினார்.

எங்களில் மூத்த பொறியாளர் அந்த அக்காதான். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அந்தப் பயணத்திலிருந்து வந்த கையோடு, தானே கேட்டு ஸ்டோருக்கு மாறிக்கொண்டார். இப்போது போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறார்.

அவர் அந்தப் பயணத்துக்கு எடுத்துப்போன வயிற்றுப்போக்கு மாத்திரை அட்டை என் கைப்பையில் இருந்தது. உனக்கு உதவும் என்று நேற்று சாப்பாட்டு வேளையில் கொடுத்தார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போய்விட்டார். வாங்கிப் பார்த்தவுடன், தொழில் புத்தியில், ஒட்டு நேர்த்தியாக இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தேன்.

அட்டையிலிருந்து ஒரு மாத்திரைகூட எடுக்கப்படவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அப்படியானால் அக்கா பாதியில் திரும்பியது வயிற்றுக்காக இல்லை. பயம் வந்தது. பயத்துக்கு மேலே கோபம்.

வாயைத் திறந்தால் பயணம் போச்சு. நன்றாகத் தெரிந்தும் கையைத் தூக்கினேன்.

"மேடம், கதவத் தட்டறது நம்மகூட வந்தவங்களா இருந்தா என்ன பண்றது?"

அந்த அம்மாள் கணினியில் முன்னும் பின்னும் தேடினார். டாக்ஸி ஓட்டுநருக்கு ஒரு படம் வைத்திருந்தார். ஓட்டல் சிப்பந்திக்கு ஒன்று, சுற்றுலா வழிகாட்டிக்கு ஒன்று, கொசுவுக்குக்கூட ஒன்று. நான் கேட்டதற்கு எதுவும் இல்லை.

என் பக்கத்தில் இருந்தவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்தவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் கடைசி வரிசைக்குத் திரும்பினேன். அக்கா மேசையோடு மேசையாகக் குனிந்திருந்தார்.

எனக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. பெரியப்பாவின் குரல்.

"எதுக்கு எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

அதுவரை ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பார்த்தோம். முதலில் தலை நிமிர்ந்தது அக்கா.