நார் எடுத்த சுளை

புடா மலைச்சரிவில் வாடகைக்குப் பிடித்த வீட்டில் காலைப் படப்பிடிப்பு நின்று, விளக்குகள் அணைகின்றன. கலைந்த படுக்கை விரிப்பின் மேல் நவம்பர் வெயில் வெளிறிக் கிடக்கிறது. இல்டிகோ கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். வயதுவந்தோருக்கான படங்களில் பன்னிரண்டு வருடம் நடித்தவள்; ஏழு வருடமாக இயக்குகிறவள். இன்று நடிப்பது அவள் கணவன் சபோல்ச்சும், முப்பதை நெருங்கும் எமெஷெயும். சற்று முன்புவரை அந்தக் கட்டிலில் நடந்ததை இல்டிகோ கண்கொட்டாமல் பார்த்தாள். முகத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தாள். அது தொழில், அவளுக்கு வயிறு எரியவில்லை. இப்போது இருவரும் அங்கியைப் போர்த்திக்கொண்டு ஹீட்டர் அருகே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சபோல்ச் ஒரு கமலா ஆரஞ்சை உரிக்கிறான். சுளையில் ஒட்டிய வெள்ளை நாரை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்துவிட்டு, எமெஷெயின் உள்ளங்கையில் வைக்கிறான்.

"எனக்கு நார் பிடிக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவ துப்புனியே, பாத்தேன்."

பதினான்கு வருடக் கல்யாணத்தில் இல்டிகோ நாரோடுதான் தின்றிருக்கிறாள். ஒப்பனைக்காரி மார்கிட் அவள் காதருகே குனிகிறாள்.

"என்னடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. பசி."

அது எமெஷெயின் காதில் விழுகிறது. கள்ளமில்லாமல் கையை நீட்டுகிறாள். "இல்டி, நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க. தேனா இருக்கு."

இல்டிகோ வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறாள். தேனாகத்தான் இருக்கிறது. விளக்குகள் மறுபடி எரிகின்றன. இருவரும் கட்டிலுக்குத் திரும்புகிறார்கள். 'ஆக்‌ஷன்' என்ற அவள் குரலுக்காக அறையே காத்திருக்கிறது.

"நீ சொல்லுடி, மார்கிட்" என்றுவிட்டு, இல்டிகோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.