போர்டு மாட்டாத வீடு

காலையிலிருந்து மூன்று வீடு காட்டியும் பூங்கொடிக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஏற்காட்டு மேடு பள்ளங்களில் ஏறி இறங்கியதில், சேலத்திலிருந்து வந்திருந்த புரோக்கர் அஜ்மலுக்கு முட்டி கழன்றுவிடும் போலிருந்தது.

"கடைசியா ஒண்ணு இருக்குதுங்க. இன்னும் வெளிய சொல்லல. போர்டு கூடாது, நெட்ல போட்டோ கூடாதுன்னு ஓனரு போன்லயே கண்டிசனா சொல்லிட்டாருங்க."

"ஏனுங்க பாய், ஏதாச்சும் வில்லங்கமா?"

"அதெல்லாம் இல்லீங்க. சொந்தக்காரங்க காதுக்குப் போயிரக் கூடாதாம். நீங்களும் ஊட்டுக்காரருக்குத் தெரியாமத்தானுங்களே வாங்கறீங்க?"

"தனியா இருக்க எனக்குன்னு ஒரு ஊடு வேணும் பாய். நொம்ப சலிச்சுப் போச்சுங்க."

அஜ்மல் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்தத் தொழிலில் கேட்காமல் இருப்பதற்குத்தான் பாதிக் கமிஷன்.

கார் காபித் தோட்டத்தை ஒட்டித் திரும்பியதும் பூங்கொடி பேச்சை நிறுத்தினாள். மேடு என்று குறை சொல்லவில்லை. பஸ் வராது என்றும் சொல்லவில்லை. பச்சைக் கேட்டின் முன் இறங்கியபோதும் வாயைத் திறக்கவில்லை. அப்பாடா, இது பிடித்துவிட்டது என்று அஜ்மல் நினைத்தார்.

ஓனர் கொடுத்தனுப்பிய சாவி பூட்டில் சிக்கிக்கொண்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டூப்ளிகேட் சாவிங்களா? சிக்கத்தான் செய்யும்."

பூங்கொடி தன் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றி, வழக்கமான மூலையில் விட்டாள்.

"உள்ள வாங்க பாய், டீ வைக்கறேன். என்ன வெலை சொல்றாருங்க, எங்க ஊட்டுக்காரரு?"